பம்பு சத்தம் கேட்காத இரவு

பென்னாகரம்

அன்புள்ள மாதேசா,

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நான் வராததில் உனக்குக் கோபம் என்று அக்கா சொன்னாள். நியாயமான கோபம். என் பங்கு மீன் வறுவலையும் சேர்த்து நீயே தின்றாய் என்றும் சொன்னாள், அதனால் பாதிக் கணக்கு தீர்ந்தது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். திங்கட்கிழமை மறுபடி கொச்சி, படகு வேலைக்கு.

வராததற்குக் காரணம் படகுதான். லீவுக்கு நாலு நாள் முன்னால், ராத்திரி மூன்று மணி இருக்கும், முழிப்பு வந்தது. வெளியே மழை கொட்டுகிறது. பில்ஜ், அதாவது படகின் அடிக்குழி, அங்கே சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பின் சத்தம் மட்டும் இல்லை. கிணற்று மோட்டார் நின்றால் உனக்குத் தூக்கத்திலேயே தெரியுமே, அப்படி. இன்ஜின் அறை மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். நடைப்பலகைக்கு மேல் தண்ணீர். மாதேசா, கை கால் நடுங்கிவிட்டது.

தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி பம்பைப் போட்டுவிட வேண்டும். அந்த மிதவை கிரீஸும் கயிற்று நாரும் சுற்றி அடியிலேயே ஒட்டிக் கிடந்தது. அலாரத்தையும் அதே மிதவையில்தான் மாட்டியிருந்தார்கள், அதனால் அதுவும் வாய் திறக்கவில்லை. கையால் சுவிட்சைப் போட்டேன். பம்பு சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை. இடுப்பளவு குனிந்து வடிகட்டியைத் தடவினால் பழந்துணிப் பஞ்சு. பிடுங்கி எறிந்த பிறகுதான் இழுத்தது.

அப்புறம், தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் பார்த்தால் பம்பு வெளியே விடும் துளையே தண்ணீருக்குள் இருக்கிறது! முந்தின நாள் டீசல் நிரப்பி, சாமான் எல்லாம் பின்பக்கம் அடுக்கியதில் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பம்பு நின்றதும் அதே ஓஸ் வழியாக வெளித்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, டிரம்மிலிருந்து டியூப் போட்டு டீசல் இறக்குவாயே, அதே கதை. அன்று சாயங்காலம் பம்பு அடிக்கடி ஓடி ஓடி நின்றது. அப்போதே நான் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

ஓனர் பெரிய பம்பு வாங்கிப் போட்டால் போதும் என்றார். ஒரு மணி நேரம் வாதாடினேன். பம்பில் மணிக்கு 2000 கேலன், அதாவது சுமார் 7500 லிட்டர் என்று போட்டிருக்கும். அது உயரமே ஏற்றாமல் விட்டால். ஐந்தடி தூக்கி, வளைவுகளில் திருப்பி, நெளிநெளி ஓஸில் விட்டால் பாதி வந்தாலே பெரிது. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே இரண்டு அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். எந்த பம்பு அதை ஜெயிக்கும்? பம்பு நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொருவர் தண்ணீர் திரும்பி வராமல் ஓஸில் ஒருவழி வால்வு போடச் சொன்னார். உன் கிணற்றில் புட் வால்வு இல்லாவிட்டால் மோட்டார் ஏர் பிடிக்கும், அங்கே அது வேண்டும். பில்ஜில் குப்பை சிக்கித் திறந்தே நிற்கும், இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. வேண்டாம் என்றேன். துளையை மேலே மாற்றினோம். ஓஸை உயரமாக ஒரு வளைவு ஏற்றி, தண்ணீர் திரும்ப உள்ளே இழுக்காமல் இருக்க உச்சியில் காற்று நுழைய வழி வைத்தோம். அலாரத்துக்குத் தனி மிதவை, சற்று மேலே. பம்பு ஒயரை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து எடுத்தோம், யாராவது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாலும் அது ஓடும்.

இந்த வேலையில்தான் ஆடிப்பெருக்கு போனது.

பரிசலில் தண்ணீர் கசிந்தால் காலடியிலேயே தெரியும், டப்பாவால் மொண்டு ஊற்றிவிடுவார்கள். எங்கள் படகில் மேலே ஏசி, சோபா. பலகைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது தினமும் காலையில் மிதவையைக் கையால் தூக்கிப் பார்க்காமல் டீ குடிப்பதில்லை.

உன் தம்பி மகன் படகு வேலைக்கு வருகிறேன் என்றானே, அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் வருகிறேன், நேரில் பேசுவோம். பழைய சட்டை இரண்டு தனியாக எடுத்து வைக்கச் சொல். முதல் நாளே அவனைப் பில்ஜில் இறக்கப் போகிறேன்.

உன்,
சின்னு