பேரனுக்கு எடுக்கப்போகும் மெக்கல் ஸ்கேன்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மலத்தோடு இரத்தம் போகிறது, வயிறு வலிக்கிறது என்று ஒரு தடவைகூட அழவில்லை, முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வருகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு மெக்கல் பை ஞாபகம்தான் வந்தது. அடுத்த பக்கத்தில் பார்த்தால் அவனுடைய டாக்டரும் மெக்கல் ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார். சரியான வழியில்தான் போகிறார்கள். கதிரியக்க ஊசி என்றதும் வீடே கலங்கிப்போனதாகச் சொல்கிறாய். காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த நீயும் சேர்ந்து கலங்கலாமா? பேரன் என்று வந்துவிட்டால் அப்படித்தான் போலிருக்கிறது.

முதலில் அந்தப் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரு உருவாகும் ஆரம்ப வாரங்களில் குடலையும் மஞ்சள்கருப் பையையும் ஒரு சின்னக் குழாய் இணைத்திருக்கும். ஏழாவது வாரத்தை ஒட்டி அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். சிலருக்குக் குடல் பக்கத்து முனை மட்டும் மறையாமல் பையாக நின்றுவிடுகிறது. 1598இலேயே ஃபாப்ரிசியஸ் ஹில்டானஸ் இப்படி ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அது கருவின் எந்த மிச்சம் என்று 1809இல் விளக்கியவர் ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் யோஹான் ஃப்ரீட்ரிஷ் மெக்கல். அதனால் பெயர் அவருக்குப் போய்விட்டது. மருத்துவ மாணவர்களுக்கு இதில் 'இரண்டின் விதி' என்று ஒன்று உண்டு. நூறு பேரில் 2 பேருக்கு இருக்கும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து 2 அடிக்குள் இருக்கும், நீளம் 2 அங்குலம், தொந்தரவு கொடுத்தால் 2 வயதுக்குள். மனப்பாடம் செய்ய வசதி, அவ்வளவுதான். குழந்தைகள் விதியைப் படித்துவிட்டு வருவதில்லை.

இந்தப் பை இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே கடைசிவரை தெரியாது. இரத்தம் போகும் குழந்தைகளிடம் ஒரு விசேஷம் உண்டு: பையின் உள்சுவரில் இடம் மாறி வந்த இரைப்பைச் சவ்வு கொஞ்சம் இருக்கும். அது எங்கே இருந்தாலும் தன் வேலையை விடாது, அமிலம் சுரக்கும். அமிலத்தைத் தாங்கும் திறன் இரைப்பைச் சவ்வுக்கு உண்டு, பக்கத்திலிருக்கும் சிறுகுடலுக்குக் கிடையாது. அங்கே புண் வந்து இரத்தம் கசிகிறது. வாய் வழியாகப் போகும் எண்டோஸ்கோபி அவ்வளவு தூரம் எட்டாது, கீழிருந்து போகும் கொலோனோஸ்கோபியும் பொதுவாகப் பெருங்குடலோடு நின்றுவிடும். சிடி ஸ்கேனில் அந்தப் பை இன்னொரு குடல் மடிப்பைப் போலவே தெரிந்து ஏமாற்றும்.

இங்கேதான் எங்கள் அணு மருத்துவத் துறை வருகிறது. ஊசியில் போடுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள், பெர்டெக்னெட்டேட் என்ற சேர்ம வடிவத்தில். 43ஆம் தனிமம், மெண்டலீவ் அட்டவணையில் காலியிடமாக விட்டுவைத்தது, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிவாங்கிய ஒரு மாலிப்டினத் தகட்டிலிருந்து 1937இல் பலெர்மோவில் பெரியேவும் செக்ரேயும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று எங்கள் துறையின் வேலையில் பெரும்பகுதி அதை நம்பித்தான் ஓடுகிறது. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 ஒரு ஈயக் கலத்துக்குள் உட்கார்ந்துகொண்டு டெக்னீசியமாகச் சிதைந்துகொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை உள்ளே செலுத்தி டெக்னீசியத்தை மட்டும் வெளியே எடுப்போம். அதைப் பால் கறப்பது என்றுதான் சொல்வோம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். கணக்கைப் போட்டுப் பார்: ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம், அதிலும் சிறுநீரில் போனது தனி. வெளிவரும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். உடம்பைத் தாண்டி வெளியே வந்து கேமராவில் பதிய அது போதும். அளவையும் பேரனின் எடைக்கு ஏற்பத்தான் போடுவார்கள். ஆபத்தே இல்லை என்று நான் எழுதமாட்டேன், அப்படி ஒரு பரிசோதனை எங்கள் துறையில் கிடையாது. ஆனால் இரத்தம் எங்கிருந்து போகிறது என்றே தெரியாமல் ஒரு குழந்தை வெளுத்துக்கொண்டிருப்பதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு.

இரைப்பைச் சவ்வின் செல்கள் பெர்டெக்னெட்டேட்டை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே படத்தில் முதலில் இரைப்பை ஒளிரும். பையில் அதே சவ்வு இருந்தால் அதுவும் இரைப்பையோடு சேர்ந்தே தெரிய ஆரம்பித்து, அதே வேகத்தில் அழுத்தமாகும், பெரும்பாலும் வலது அடிவயிற்றில். சேர்ந்தே வருவதுதான் முக்கியம். வேறு நேரத்தில் வந்து, நகர்ந்து, மறைந்துபோகும் புள்ளி சிறுநீர்க்குழாயாக இருக்கலாம். அதனால்தான் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தொடர்ந்து எடுப்பார்கள். பக்கவாட்டிலும் ஒரு படம் எடுப்பார்கள். சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் முதுகுப் பக்கம் தெரியும், பை பொதுவாக முன்பக்கம் தெரியும்.

இனி சொல்வதை மட்டும் உன் மகளிடம் நிதானமாகச் சொல். இந்த ஸ்கேன் பையைத் தேடுவதில்லை. இரைப்பைச் சவ்வைத்தான் தேடுகிறது. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால், இரைப்பைச் சவ்வு கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். பை இருந்து சவ்வு கொஞ்சமாக இருக்கலாம், இரத்தம் வேகமாகப் போய் மருந்தையும் கூடவே அடித்துக்கொண்டு போயிருக்கலாம், நிறைந்த சிறுநீர்ப்பை மறைத்திருக்கலாம். 'மெக்கல் பை இல்லை' என்று ரிப்போர்ட் எழுதும் பயிற்சி மருத்துவர்களோடு நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது போய் உட்கார இடம் கொடுக்கிறார்கள், பாவம். இரத்தம் போகும் குழந்தைகளில் இந்த ஸ்கேனை நன்றாகவே நம்பலாம். பெரியவர்களில் அந்த நம்பகம் குறைகிறது. சந்தேகம் தீராவிட்டால் திரும்ப ஒரு தடவை எடுப்பதும், லேப்ராஸ்கோபி வைத்து நேரிலேயே பார்த்துவிடுவதும் வழக்கம்தான். அதைக் கேட்டு, முதல் ஸ்கேன் வீண் என்று நினைக்க வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன்னால் சில மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வார்கள். ஃபாமோடிடின் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தும் கொடுக்கலாம். அது, சவ்வு இழுத்துக்கொண்ட டெக்னீசியத்தைக் குடலுக்குள் கொட்டிவிடாமல் பிடித்துவைக்கும், புள்ளி தெளிவாகும். சமீபத்தில் பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேரியம் கதிரை மறைக்கும். இன்னொன்று, சிவப்பணுக்களில் டெக்னீசியம் ஏற்றி இரத்தக்கசிவைத் தேடும் வேறொரு ஸ்கேனும் உண்டு. இரண்டும் தேவை என்றால் மெக்கல் ஸ்கேன் முதலில் வரட்டும். மற்றதற்குப் போடும் வெள்ளீய உப்பு இரத்தத்தில் தங்கிவிட்டால், பிறகு போடும் பெர்டெக்னெட்டேட் சவ்வுக்குப் போகாமல் சிவப்பணுக்களிலேயே ஒட்டிக்கொள்ளும். துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை.

புள்ளி தெரிந்தால் அறுவை சிகிச்சைதான். பையையோ, அதோடு புண் வந்த குடல் துண்டையுமோ எடுத்துவிடுவார்கள். பையே காரணமாக இருந்தால் இரத்தப்போக்கு அதோடு நிற்கும். குழந்தைகள் வேகமாக எழுந்துவிடுவார்கள். அவனைப் படுக்கையில் பிடித்துவைப்பதுதான் உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கண்புரை அறுவை முடிந்துவிட்டதால் உன் கிறுக்கல் கையெழுத்தையும் இப்போது பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. அப்புறம், நீ கேட்டிருந்த பழைய ஆய்வகக் குறிப்பேடு கிடைத்துவிட்டது, நேரில் வரும்போது தருகிறேன்.

ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாதே, படங்கள் முழுவதையும் வாங்கி அனுப்பு. பக்கவாட்டுப் படத்தை விட்டுவிடாதே.

அன்புடன்,
மூர்த்தி