சேகரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

பாப்பா கல்யாணப் பந்தியில் நீ போட்ட சத்தத்தில் ரசம் ஊற்ற வந்த பையன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். "தூக்கு வேண்டாம் என்கிறாயே, உன் பிள்ளைக்கு நடந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவக் கிளம்பிவிட்டாய். பதில் கேட்க நின்றாயா? அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜப்பானில் இவாவோ ஹகமடா என்று ஒருவர். பழைய குத்துச்சண்டை வீரர். மிசோ தொழிற்சாலையில் வேலை. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. 1966இல் அந்த நிறுவன நிர்வாகியின் குடும்பத்தில் நான்கு பேர் கொலை. இவரைப் பிடித்து நாள்கணக்கில் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஒரு வருடம் கழித்து மிசோத் தொட்டியிலிருந்து ரத்தக்கறைத் துணிகளை எடுத்தார்கள். 1968இல் தூக்குத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள், இடுப்புவரை ஏறவேயில்லை. அப்படியும் 1980இல் தண்டனை உறுதியானது. 2014இல் வெளியே விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மிசோவில் ஊறிய ரத்தம் சிவப்பாக இருக்குமா என்ற கேள்விதான் கடைசியில் வழக்கைப் புரட்டிப் போட்டது. 2024 செப்டம்பரில் மறுவிசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. துணிகளே ஜோடிக்கப்பட்டவை என்றது நீதிமன்றம். அப்போது அவருக்கு வயது 88.

அங்கே இன்றைக்குத் தூக்கு என்பதை அன்று காலையில்தான் கைதியிடம் சொல்வார்கள். முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தகவல். ஒவ்வொரு காலையும் காவலரின் காலடி தன் அறையைத் தாண்டிப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். ஹகமடாவின் மனம் சிறையிலேயே சிதறிவிட்டது. மறுவிசாரணைக்கு அவருக்குப் பதிலாக நீதிமன்றம் போனவர் அக்கா ஹிடெகோ, தொண்ணூறு வயதில். ஹகமடா குற்றவாளியாகவே இருந்திருந்தாலும் இந்தக் காத்திருப்பை எந்தத் தீர்ப்பு விதித்தது, சொல்.

உன் கேள்வியை ஈரானில் நிஜமாகவே கேட்கிறார்கள். கொலையுண்டவரின் குடும்பம் உயிருக்கு உயிர் கேட்கலாம், பணம் வாங்கலாம், மன்னிக்கலாம். 2014இல் நூர் என்ற ஊரில், கழுத்தில் கயிறோடு நின்றவனை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு கணவனும் அவளுமாகக் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கொல்லும் பாரத்தை ஒரு தாயின் தலையில் கட்டுகிறது. காசுள்ளவன் பிழைக்கவும் வழிவிடுகிறது. ஆனால் அந்தத் தாய் அறைந்ததை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. நம் நாட்டில் கருணை மனு குடியரசுத் தலைவருக்குப் போகிறது. பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்கிறார்கள்?

சரி, உனக்குப் பதில். என் பிள்ளைக்கு நடந்திருந்தால் அவனை நானே வெட்ட வேண்டும் என்றுதான் துடிப்பேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தத் துடிப்பில் போலீஸ் யாரைக் காட்டினாலும் நம்பிவிடுவேன், சேகர். கால்சட்டை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். அந்த நிலையில் இருக்கிற என்னைக் கேட்டு யாரையும் தூக்கில் போடாதே என்றுதான் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எதை மறுக்கிறாயோ அதை எழுது. போன் வேண்டாம், நீ பேசவே விடமாட்டாய். மல்லிகாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி