பரிசோதனைக்கான உழைப்பையும் குழுவே மதிப்பிடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் ஆக்கும் குழுக்கள் சிலவற்றில், கால மதிப்பீட்டை நிரலாளர் மட்டும் சொல்ல, எஞ்சும் நாட்களைப் பரிசோதகருக்கு ஒதுக்கும் வழக்கம் இன்னும் நீடிப்பது வருந்தத்தக்கது. 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் விவரித்த ‘பிளானிங் போக்கர்’ முறையில், ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்புத் தேவை எனத் தாம் கருதுவதைக் குறிக்கும் எண் அட்டைகளைக் குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் காட்டுவர். கடவுச்சொல் மாற்றும் பக்கமொன்றுக்கு நிரலாளர் 2 காட்ட, பரிசோதகர் 8 காட்டினால், காலாவதியான இணைப்பு, பழைய கைத்தொலைபேசி, தமிழில் அனுப்பப்படும் மின்னஞ்சல் என மறைந்திருந்த வேலைகளெல்லாம் அப்போதே பேச்சுக்கு வரும். பெரிய எண்ணைக் காட்டியவரிடம் காரணம் கேளாமல் சராசரி எடுத்து முடிப்பது (அவசரத்தில் பலரும் செய்வது இதுதான்) அம்முறையின் பயனையே கெடுத்துவிடும். இங்குள்ள பயிற்சி நிலையங்கள் நிரலாக்கத்தோடு இத்தகைய மதிப்பீட்டையும் கற்பிக்க வேண்டும்.

இங்ஙனம்,
மென்பொருள் பரிசோதகர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.