அடுப்புப் பக்கம் போனதில்லை

12.06.2025

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருக்க மாரியாத்தா துணை.

போன மாசமும் இந்த மாசமும் காசு சரியா வந்து சேர்ந்துச்சு. அதுல ஒரு குறையும் இல்ல. நான் கோல் எடுத்தா, ‘மீட்டிங்ப்பா, பொறகு எடுக்கிறேன்’னு மெசேஜ் வருது. உனக்கு வேலை கூடத்தான், கணக்கு வேலைன்னா சும்மாவா. நம்ம தோட்டத்து லயத்துலருந்து கொழும்புக்குப் போய் ஒபீஸ் கதிரையில உக்காந்த முதல் பொம்பளைப் பிள்ளை நீதான்னு கோயில் தலைவர் நேத்தும் சொன்னார். நாலு பேர் கேக்கச் சொன்னார். ஆனா பாப்பா, ரெண்டு மாசமா ஒரே மீட்டிங்கா?

ராத்திரி கேஸை சிலிண்டர்லயே மூடிட்டுப் படு. அடுப்புல மட்டும் திருகிட்டு விட்டுடாதே. 2021 கடைசியில எத்தனை வீட்டுல வெடிச்சுதுன்னு உனக்கே தெரியும்.

இங்க மழை விட்டு விட்டுப் பெய்யுது. கொழுந்து பரவாயில்ல. உங்கம்மாவுக்கு முழங்கால் வலி, இருந்தும் காலையில பெரட்டுல பேர் குடுத்துக் கொழுந்து எடுக்கப் போறத நிறுத்த மாட்டேங்கிறா. அப்பாயி நல்லா இருக்கு. சித்திரை வருஷத்துக்கு நீ எங்களை எல்ல டவுனுக்குக் கூட்டிட்டுப் போன கதையை இன்னும் தண்ணி புடிக்கிற பீலிக்கரையில சொல்லிக்கிட்டுத் திரியுது. “ரொட்டிக்கு மேலயே குழம்ப ஊத்திக் கொண்டாந்தா நான் எதைத் தொட்டுத் திங்கிறது? ஒரு கட்டசம்பல் கேட்டேன், அந்தப் பயலுக்கு விளங்கல” இப்பிடித்தான். கேக்கிற பொம்பளைங்க சிரிச்சுட்டு, இத்தாலிக் கடைக்குப் போய் வந்த கெழவின்னு பேரும் வச்சிட்டாங்க.

உங்கம்மா அந்தப் பச்சை இலையை எடுத்து மோந்து பார்த்துட்டுத் தட்டு ஓரத்துல வச்சாளே, ஞாபகமா? துளசியப் போயி எச்சில் பண்றதான்னு. அது துளசிக்குச் சொந்தக்காரச் செடிதான், பலூடாவுல மிதக்கிற கசகசா அதோட விதைதான்னு சின்னவன் போன்ல பார்த்துச் சொன்னான். நூடில்ஸ் வேகலன்னு அவ திருப்பி அனுப்பப் பார்த்தப்பவும் உன்கூட வந்த அந்தத் தம்பிதான், இத்தாலிக்காரங்க பல்லுல தட்டுப்படுற பதத்துலயே இறக்கிடுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே வெளங்கப்படுத்துச்சு. அதுக்குள்ள நல்ல பொறுமை. அப்பாயி கையைப் பிடிச்சு அந்தப் படியில இறக்கினதும் அதுதானே.

அந்தத் தம்பி வீட்ல எல்லாரும் சுகமா? மாத்தறைப் பக்கம்னு சொன்ன மாதிரி ஞாபகம். சும்மாதான் கேக்கிறேன்.

பில்லை நீ எனக்குக் காட்டாம மடிச்சே. நான் பார்த்துட்டேன். 14,602 ரூபா. சாமானுக்கு மேல சேர்விஸ் 10 வீதம், அதுக்கும் மேல வட் வரி 18 வீதம். வட் மட்டுமே 2,200 சொச்சம். உங்கம்மா ஒரு நாள் முழுப் பேர் போட்டாலே சம்பளம் 1,350தான். காசு இருக்கேன்னு தண்ணியா செலவழிக்காதே. என் சட்டைப் பையில 5,000 வச்சிருந்தேன், நான் குடுக்கணும்னுதான். அதை எடுக்கவே இல்ல. திரும்பி வர்றப்ப பஸ்ல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

கொழும்பு பஸ்ல கதவோரமா நிக்காதே. கேஸ் விஷயம் மறக்காதே.

இனி நான் எழுத வந்ததை எழுதிடுறேன். நீ மெசேஜ் மட்டும் அனுப்பறதுக்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ரெண்டு மாசமா கோல் எடுத்துக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்கு நம்ம மேசையிலருந்து பீசா சுடுற அடுப்பு நேராத் தெரிஞ்சுச்சு. போய் உக்காந்ததுலருந்து என் கண்ணு அதுலதான். நம்ம தேயிலை ஸ்டோர்ல, தூள் காய வைக்கிற டிரையருக்குள்ள போற காத்து 200, 210 பாகைதான், அதுவும் பாரன்ஹைட். தேத்தூள் 20 நிமிஷம் அதுக்குள்ள கிடந்து காயணும். சூடு கூடினா கருகல் வாடை, கொறஞ்சா ஈரம் நின்னு பழுதாயிடும். இது வேற சாதி நெருப்பு. சென்ரிகிரேட்டுலயே 400க்கு மேல, ஒண்ணரை நிமிஷத்துல வெந்துடணும்னு சின்னவன் வாசிச்சுச் சொன்னான். நமக்கு வந்த பீசா உள்ள எட்டு நிமிஷம் கிடந்துச்சு. நான் மணி பார்த்தேன். மேல காஞ்சு, அடி வெள்ளையா வந்துச்சு.

ஏன்னு கேளு. அடுப்புல நின்ன பொடியன் போட்டது பச்சை விறகு. ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டினா காஞ்சது டங்குனு சொல்லும், ஈரக்கட்டை பொத்துனு விழும். அவன் தட்டவே இல்ல. வெட்டின முனையில வெடிப்பும் இல்ல. வாயை அடைச்சாப்பல விறகைத் திணிச்சுட்டு, உள்ள காத்து போக வழி விடல. புகை முன்னால வந்து அவன் கண்ணைத்தான் கரிச்சுது. உள்ள வளைவு கறுகறுன்னு புகைக்கரி புடிச்சுக் கிடந்துச்சு. நல்ல சூடு ஏறினா அந்தக் கரி தானா எரிஞ்சு வளைவு வெளுத்துடும். வெளுக்காம மாவை உள்ள வைக்கக்கூடாது. இத்தாலி அடுப்பை நான் கண்டவனில்ல, நெருப்பைக் கண்டவன். 31 வருஷம்.

நீ அதைத்தான் சொன்னே. அந்தத் தம்பி பக்கம் திரும்பி, ‘அப்பாகிட்ட கேளுங்க, நெருப்பைப் பத்தி அப்பாவுக்குத் தெரியாதது இல்ல’ன்னு சிங்களத்துல சொன்னே. அது ஆசையா என் பக்கம் திரும்புச்சு. அங்கிள்தானே டிரையர் அடுப்புப் பார்த்தது, சூட்டை எப்பிடி மட்டுக் கட்டுவீங்கன்னு கேட்டுச்சு. நீ முன்னாடியே எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு.

நான் என்ன சொன்னேன்? ‘நான் ஒபீஸ்ல இருந்தது, அடுப்புப் பக்கம் போனதில்ல’ன்னு சொன்னேன். சேர்ட் கையை இன்னும் கொஞ்சம் கீழ இழுத்து விட்டுக்கிட்டேன். “என்னடா சொல்ற”ன்னு அப்பாயி வாயைத் திறந்துச்சு, உங்கம்மா மேசைக்கு அடியில கிள்ளிட்டா. நீ தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தே. அந்தத் தம்பி உன்னைப் பார்த்துச்சு. அந்தப் பார்வைதான் எனக்கு ராத்திரில தூக்கத்தைக் கெடுக்குது. நீ பொய் சொன்னவ மாதிரி ஆயிட்டே.

இது அன்னைக்கு வந்த பழக்கமில்ல. உன்னை டவுன் ஸ்கூல்ல ஆறாம் வகுப்புச் சேர்க்கிறப்ப, தகப்பன் தொழில்ங்கிற எடத்துல ஒபீஸ்ல எழுதுற ‘லிகிதர்’னு எழுதிக் குடுத்தேன். டீச்சர் கேட்டா அப்பிடியே சொல்லணும்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் சொல்லிக் குடுத்தேன். ‘ஏம்பா, விறகு போடுறதுன்னு சொன்னா என்ன?’ன்னு நீ கேட்டதுக்கு வாயை மூடுன்னு அதட்டினேன். அப்ப உனக்குப் பதினொரு வயசு. உன்னைப் படிக்க வச்ச காசு அந்த அடுப்புலருந்து வந்துச்சு. பொய்யை முதல்ல படிச்சுக் குடுத்ததும் நான்தான். நீ வளர்ந்ததும் அதை விட்டுட்டே, நான் இன்னும் விடல.

உங்கம்மாகிட்ட பண்டாரவளைக்குப் போறேன்னு சொல்லிட்டு, போன ஞாயிறு எல்லவுக்குப் போனேன். அந்தப் பொடியனுக்கு விறகு அடுக்கிற முறையைச் சொல்லிக் குடுக்கலாம்னு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். புகைபோக்கியில இன்னும் கறுத்த புகைதான் வந்துச்சு. வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேர் உள்ள போனாங்க. பத்து நிமிஷம் நின்னு பார்த்துட்டு பஸ் ஏறிட்டேன். போயிருக்கணும்.

ஸ்டோர்ல குடுத்த தேத்தூளைச் சின்னவன் வர்றப்ப குடுத்து விடுறேன். ரெண்டு பொட்டலமாக் கட்டியிருக்கேன். ஒண்ணு உனக்கு. மத்ததை யாருக்குக் குடுக்கணுமோ குடு. அதை ஈரமில்லாத டின்ல போட்டு வைக்கச் சொல்லு. குடுக்கிறப்ப, காய வச்சது எங்கப்பான்னு சொல்ல வேணாம், இப்ப நான் பென்சன்ல. முந்தி அப்பா காய வச்சதுன்னு சொல்லு.

அந்தத் தம்பி சிங்களத்துல கேட்ட கேள்விக்குப் பதில் நான் தமிழ்லதான் எழுதுறேன், நீ சொல்லிக்கோ: டிரையர் அடுப்புக் கதவைத் திறக்கிறப்ப முகத்துல வந்து மோதுற சூட்டுலயே எனக்குத் தெரிஞ்சிடும். மீட்டரைப் பொறகுதான் பார்ப்பேன்.

ராத்திரி கேஸை மூடு.

இப்படிக்கு
அப்பா