மாத்திரை அட்டையை வெட்டியவர் குற்றவாளியா?

மாநில மருந்தாளுநர் கவுன்சில் தலைவர் அவர்களுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

பதிவுபெறாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைத் தடுக்கும் 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம், 2023 வந்து அதன் தண்டனையை மாற்றியது. முன்பு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இப்போது மூன்று மாதம், 2 லட்சம். சிறை பாதியானது, அபராதம் இருநூறு மடங்கானது. தொழிலை எளிதாக்க வந்த சட்டமாம். போகட்டும், பதிவில்லாமல் மருந்து கொடுப்பவர் கட்டட்டும். ஆனால் 'கொடுப்பது' என்றால் எது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

42ஆம் பிரிவின்படி, மருத்துவர் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(2), அவரே கொடுக்கலாம், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்கலாம் என்கிறது. இரண்டுமே நடப்பில் உள்ளவை. ஆய்வுக்கு வரும் ஒருவர் விதியைக் காட்டிச் சரி என்கிறார். அடுத்து வருபவர் பிரிவைக் காட்டித் தப்பு என்கிறார்.

மாலை ஏழு மணிக்கு எந்த மெடிக்கலிலும் நடப்பதைப் பாருங்கள். கவுன்டரில் எட்டுச் சீட்டு, உள்ளே ஒரு மருந்தாளுநர், இரண்டு உதவியாளர்கள். சீட்டைப் படிப்பவர் மருந்தாளுநர். ரேக்கிலிருந்து அட்டையை எடுப்பவர் உதவியாளர். அட்டையில் பத்து மாத்திரை, டாக்டர் எழுதியது ஆறு. பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தை விட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் கடையில் மிஞ்சும் நாலு மாத்திரைக்குத் தேதியே இருக்காது. சரியாக வெட்டினால், நோயாளி கொண்டுபோகும் ஆறுக்குப் பில்லில் ஏறும் பேட்ச் நம்பரும் தேதியும்தான் சாட்சி. பிறகு மருந்தாளுநர் சீட்டோடு ஒப்பிட்டு, 1 மி.கி.யா 2 மி.கி.யா என்று பார்த்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லி அனுப்புகிறார். ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தென்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இதில் கத்தரிக்கோல் பிடித்த உதவியாளர் 42ஐ மீறினாரா? பிரிவு 'மீறும் எவரும்' என்கிறது. கடை முதலாளி வேறு ஊரில் இருப்பார். கவுன்டரில் நின்ற பையன் தலையில் 2 லட்சம் விழும். 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில்முறை ஒழுங்குமுறைகளும் கைகொடுக்கவில்லை. சீட்டைப் புரிந்துகொண்டு மதிப்பிடுவதிலிருந்து மருந்தை நோயாளி கையில் ஒப்படைப்பது வரை எல்லாமே அதில் 'கொடுப்பது'தான்.

சட்டத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே 2023இல் வந்த மருந்தாளுநர் திருத்தச் சட்டம் 'ஜம்மு காஷ்மீர் மருந்தாளுநர் சட்டம், 2011' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. அந்த 2011 விக்ரம ஆண்டு. நம் கணக்கில் 1955. பஞ்சாங்கம் பார்த்துப் படிக்க வேண்டிய சட்டத்தை ராத்திரி கடை சாத்திவிட்டு யார் படிப்பது?

சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ வேலை பார்க்கும் கடைகள் உண்டு. அவர்கள் யாரென்று தெருவுக்கே தெரியும். அங்கே போகாத ஆய்வு, ஆள் இருக்கும் கடையில் வந்து கத்தரிக்கோலைக் கணக்கெடுக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டோம், பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றே: 42ஆம் பிரிவையும் 65(2)ஐயும் சேர்த்து வைத்து, இரு அலுவலகமும் கையெழுத்திட்டு, தமிழில் ஒரு பக்க விளக்கம் தாருங்கள். மருந்தாளுநர் கடையில் இருக்கும்போது உதவியாளர் எடுக்கலாமா, வெட்டலாமா, பில் போடலாமா? ஒப்பிட்டுப் பார்ப்பதும் சொல்லிக் கொடுப்பதும் மருந்தாளுநர் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள். அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் சீட்டு மருந்து நிற்க வேண்டும் என்றாலும் எழுதுங்கள், நிறுத்துகிறோம். எதுவானாலும் எழுத்தில் வரட்டும். ஆய்வுக்கு வருபவர் கையிலும் அதே தாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சில்லறை மருந்துக்கடைகளில் பணிபுரியும் பதிவுபெற்ற மருந்தாளுநர்கள்