கைக்குத் தட்டுப்படாததைக் கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து, இந்த ஆண்டு எடுத்த மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே படம்) நல்லபடியாக வந்திருக்கிறது. என் நன்றியைப் பலர் அறியச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், மேமோகிராம் எடுத்த சகோதரிக்கு. உடம்பில் பூசியிருந்த பவுடரைத் துடைக்கச் சொன்னதோடு, அது படத்தில் புள்ளிகளாக விழுந்து குழப்பிவிடும் என்று காரணமும் சொன்னீர்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் அழுத்தும்போது வலிக்கும் என்பதை மறைக்கவில்லை. அழுத்தினால்தான் திசு ஒன்றையொன்று மறைக்காமல் விரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும் என்றீர்கள். காரணம் தெரிந்த வலியைத் தாங்குவது எளிதாக இருந்தது.

படத்தைப் பார்த்த டாக்டரை நான் சந்தித்ததே இல்லை. என் பழைய படத்தைத் தேடி எடுத்து, புதியதோடு வைத்துப் பார்த்திருக்கிறார். முன்பு இல்லாத கால்சியம் துகள்கள் ஓரிடத்தில் உப்புத்தூள் போல் கொத்தாகத் தெரிந்திருக்கின்றன. இத்தகைய துகள்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனாலும் அவர் அதைக் கடந்து போகவில்லை. எனக்கோ வலி இல்லை; கையால் தடவிப் பார்த்தாலும் எதுவும் தட்டுப்படாது.

மறுபரிசோதனைக்கு அழைத்த செவிலியரே, "திரும்பக் கூப்பிடுறோம்னா புற்றுநோய்னு அர்த்தம் இல்லம்மா, கூப்பிடுறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல ஒண்ணுமில்லன்னுதான் வரும்" என்று நீங்கள் சொன்னது உண்மை. எனக்கு வேறு மாதிரி வந்தபோது, பயாப்ஸி (திசுச் சோதனை) முடிவு வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நீங்கள்தான்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கு: கைக்கு அகப்படாத இடத்தை மெல்லிய கம்பி வைத்துக் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் அகற்றினீர்கள். அக்குளில் முதலில் நிணநீர் வந்து சேரும் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துச் சோதித்து, மற்றவற்றை விட்டுவைத்தீர்கள். இப்படித் தொடக்கத்திலேயே அகப்படும் எல்லாமே உயிருக்கு ஆபத்தாக வளர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சொன்னீர்கள். மேமோகிராம் நன்றாக வந்தாலும் காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருங்குதல், கட்டி என எது தெரிந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது என்று எச்சரித்ததற்கும் நன்றி. அடர்த்தியான மார்பகத்தில் படம் சிலவற்றைத் தவறவிடும் என்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

முகம் தெரியாத சில பெண்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். 1963இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வில் சுமார் 62,000 பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேரை மேமோகிராம் உள்ளிட்ட மார்பகப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதிப் பாதிக்கு வழக்கமான மருத்துவம்தான். அந்த இரண்டாம் பாதியில் நோய் தாமதமாகத் தெரிந்து இறந்தவர்களும் உண்டு. இரு பாதிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் பரிசோதனையின் பயன் உலகுக்குத் தெரிந்தது. மும்பையில் 1998இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடந்த ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் செய்த பரிசோதனையே 50 வயதைக் கடந்தவர்களில் இந்த நோயால் நேரும் இறப்பை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. மார்பகம் முழுவதையும் அகற்றுவதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வில், தங்களுக்கு எது என்பதைக் குலுக்கலிடம் விட்டுக்கொடுத்த பெண்கள் இருந்தார்கள். 1985இல் அதன் முடிவு வெளிவந்தது. என் உடம்பு இன்று இப்படி இருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பெண்களை யாரும் போதுமான அளவு நினைப்பதில்லை என்பது என் எண்ணம்.

வேலையிடத்தில் என் பொறுப்புகளைச் சத்தமில்லாமல் பகிர்ந்துகொண்டவர்களே, கதிர்வீச்சு சிகிச்சை நாட்களில் உங்களால்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாக, அக்கா. டாக்டர் பேசியது எதுவும் என் காதில் ஏறாத நாளில் எனக்காகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டவள் நீ. உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னதும் தயங்காமல் நீயும் மேமோகிராம் எடுத்துக்கொண்டாய். என் சிகிச்சைக் காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுதான்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி