தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நான் வரவில்லை. பள்ளியில் வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். உண்மையைச் சொல்லத்தான் உனக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுத்ததுமே நீ "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாய், எனக்கு வாய் அடைத்துப்போகும். அதனால் எழுதுகிறேன்.

இதை நம் ஊர்க்காரர்களும் படிப்பார்கள். பெயர் போடாவிட்டாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் கார்த்திகை தீபத்தன்று நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அது நம் மூன்று பேரோடு இருக்கட்டும்.

எனக்கு ஓயாமல் நினைவுக்கு வருவது அந்தப் பஸ் பயணம்தான்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற காலை பஸ். நீ காதலித்த அவளுக்குக் கோவையில் இன்டர்வியூ, துணைக்கு நான். அரவேனு தாண்டுவதற்குள் நீ நான்கு முறை கூப்பிட்டுவிட்டாய். எந்த சீட்? பக்கத்தில் யார்? வீடியோவில் வா. அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பித் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினாள், அப்புறம் என் முகத்தைக் காட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே, "என்கூடத்தான்டா இருக்கா" என்றேன். குஞ்சப்பனை பக்கம் இறங்கும்போது சிக்னல் போய்விட்டது. மலையில் சிக்னல் போவது நமக்கெல்லாம் ஒரு விஷயமா? அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். போனை உயர்த்திப் பிடித்தாள், ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். விரல் வியர்த்து ஸ்கிரீன் வேலை செய்யவில்லை. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துத் தொட்டுக்கொண்டிருந்தாள். அது டிசம்பர் மாதம். ஸ்வெட்டர் போட்டும் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் பதினேழு மிஸ்டு கால். நீ என்ன பேசினாய் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, "அக்கா, நான் திரும்பிப் போயிடறேன்" என்றாள். கோவை பஸ் எதிரிலேயே நின்றது. கையைப் பிடித்து ஏற்றியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "சரி, போயிடலாம். அவனுக்குப் பாசம் ஜாஸ்தி, அதான் கோபம் வருது." ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு மலையேறினாள்.

அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடமும் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தது நான். நான் பிளஸ் டூ படிக்கும்போது கடைசி பஸ்ஸில் இறங்கினால் இருட்டியிருக்கும், தோட்டத்தில் கரடி நடமாட்டம். தினமும் டார்ச்சோடு ஸ்டாப்பில் நிற்பாய். பன்னிரண்டு வயது உனக்கு. ஒரு நாள் பேட்டரி தீர்ந்துபோய், இரண்டு பேரும் சத்தமாகப் பாடிக்கொண்டே வீடு வந்தோம். அதை நான் எப்படி மறப்பேன்? பாட்டி இறந்தபோது நீ அழுததும் ஞாபகம் இருக்கிறது. "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்று அப்பா உன்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் உனக்கு அந்த வீட்டில் தடையில்லாமல் கிடைத்தது கோபம் ஒன்றுதான். நீ தட்டைத் தள்ளினால் அம்மா அடுத்த தட்டு வைப்பாள். சிதறிய சோற்றை நான் அள்ளுவேன்.

ஆனால் எனக்கும் அதே அப்பாதான். வாய்விட்டுச் சிரித்ததற்கு அடி வாங்கியவள் நான். நான் யாருடைய போனையும் பிடுங்கிப் பார்த்ததில்லை.

பி.எட். படிக்கும்போது உளவியலாளர் ஸ்கின்னர் ஆராய்ந்த புறாக்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் கொத்திப் பழகிய புறா லேசில் விடாது. சண்டைக்கு மறுநாள் சில சமயம் வர்க்கி பொட்டலத்தோடு அவள் வீட்டு வாசலில் நிற்பாய், சில சமயம் ஒரு வாரம் பேசவே மாட்டாய். "அக்கா, இன்னிக்கு அவர் மூட் எப்படி?" என்று அவள் எனக்கு மெசேஜ் போடுவாள். நான் புறாவை நினைக்கவே இல்லை. இவ்வளவு கஷ்டத்தில் ஏன் விட்டுப் போகாமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், அடிபட்ட பெண்களிடம் பேசிவிட்டு 1979லேயே எழுதியிருக்கிறார்: முதலில் புழுக்கம், பிறகு வெடிப்பு, பிறகு கெஞ்சலும் கொஞ்சலும், மறுபடி புழுக்கம். அந்தக் கெஞ்சலில் நீ விட்ட கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜமாக அழுதாய். அதனால்தான் அவளால் போக முடியவில்லை.

அவள் புகார் கொடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லால் நோகடிப்பதையும் வன்முறை என்கிறது. ஆனால் அது ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு. வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் அவள் போனில் யாரோடு என்ன பேசுகிறாள் என்று கண்காணிப்பதும் 2013லிருந்து தனிக் குற்றம். இப்போது நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 78ஆம் பிரிவு, முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவள் ஸ்டேஷனுக்குப் போகாததற்கு ஒரு காரணம் நான் என்று அவளே சொன்னாள். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் எப்படிம்மா?" என்று கேட்பார். எல்லா வீட்டிலும் அக்காவிடம்தான் கேட்பார்கள். டார்ச்சோடு நின்ற பையனை நினைத்துக்கொண்டு "தங்கமான பையன்" என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம்.

முதலில் யாரிடமாவது பேசு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் ஒருவரைப் பார்ப்பதென்றால் கோவைக்கு நானும் வருகிறேன், அதே காலை பஸ்ஸில். அதுவரை உனக்காக நான் எந்த வீட்டுப் படியும் ஏற மாட்டேன். கோபப்பட்டு என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்ட நீல ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டேன். கை நீளம் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. புதன்கிழமை குன்னூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாப்பில் வந்து வாங்கிக்கொள்.

அக்கா